மடிக்கணினி எதற்காகக் காத்திருக்கிறது?



உங்களில் பலர் வீட்டில் ஒரு மடிக்கணினி இருக்கும். அக்காவோ அண்ணனோ பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது அரசு கொடுத்ததாக இருக்கலாம். பொத்தானை அழுத்திவிட்டு, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் அப்போதுதான் அதன் திரை விழித்துக்கொள்ளும். எதைத் திறந்தாலும் ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "இதற்கு வயதாகிவிட்டது, இனி உதவாது" என்று வீட்டில் தீர்ப்பும் கூறியிருப்பார்கள். புதியது வாங்குவதென்றால் எளிய குடும்பத்தில் ஒன்றிரண்டு மாதச் சம்பளம் போய்விடும். ஆகவே அந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஆராய்ந்து பார்ப்போம். அதற்கு வேண்டிய கணக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான்.

இத்தகைய கணினிகள் தமிழ்நாட்டில் கொஞ்சநஞ்சமல்ல. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்தார். தொடக்க விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டத்தில். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களும் அப்போது அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவையே. எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரிப் பல தயாரிப்பாளர்களிடம் வாங்கிக் கொடுத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் வழங்கப்பட்டவை 50 இலட்சத்துக்கும் மேல். முதலில் வந்தவற்றில் 14 அங்குலத் திரை, 2 ஜிகாபைட் நினைவகம், 320 ஜிகாபைட் ஹார்டு டிஸ்க் ஆகியவை இருந்தன. விண்டோஸ் 7-இன் 'ஸ்டார்ட்டர்' பதிப்பும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் அருகருகே பதிந்திருந்தன. இந்த விவரங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு கேள்வி. வயதானால் கணினி மெதுவாகுமா? மாட்டுக்கும் மனிதருக்கும் மூட்டு தேய்வதுபோலச் சிலிக்கான் சில்லு தேய்வதில்லை. 2011-இல் அது நொடிக்கு எத்தனை கூட்டல் செய்ததோ அத்தனையையே இன்றும் செய்கிறது. மாறியவை வேறு. நாம் திறக்கும் நிரல்களும் இணையப் பக்கங்களும் பெருத்துவிட்டன, விசிறியில் தூசி அடைந்துவிட்டது, பேட்டரி தளர்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, கணினிக்குள் ஒரு பொருள் மற்றொரு பொருளுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் காத்திருப்பை அளந்து பார்த்துவிட்டால் பாதி மருத்துவம் முடிந்ததுபோல.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையைக் கற்பனை செய்யுங்கள். லேத்தில் நிற்பவர் கைதேர்ந்தவர். அவர் எதிரே ஒரு சிறு மேசை. அதில் இருக்கும் பொருளைக் கை நீட்டி எடுத்துக்கொள்கிறார். மேசையில் இல்லாததை எடுத்துவரக் கிடங்குக்கு ஆள் போகவேண்டும். மடிக்கணினியில் லேத்தில் நிற்பவர் செயலி. மேசைதான் நினைவகம்; கடைக்காரர்கள் 'ராம்' என்பார்கள். கிடங்கு ஹார்டு டிஸ்க். இனி, கிடங்குக்குப் போகிறவர் திரும்பிவர எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிடுவோம்.

மடிக்கணினிகளில் இருந்த ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய தகவல் வட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாதாகையால், சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும்: 5.5 மில்லிநொடி. அதற்கு முன்பே படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். அதற்கு ஏறத்தாழ 12 மில்லிநொடி. இரண்டையும் கூட்டினால் 17.5 மில்லிநொடி.

இது நமக்குக் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. செயலிக்கு அப்படியல்ல. அது நொடிக்கு 200 கோடித் துடிப்பு உடையது என்று கொள்வோம். 17.5 மில்லிநொடியில் அது 3.5 கோடி முறை துடித்துவிடும். ஒரு துடிப்பை ஒரு நொடி என்று பெரிதாக்கிப் பார்த்தால், 3.5 கோடி நொடி என்பது 405 நாள்! நம் லேத்துக்காரர் ஒரு திருகு கேட்டுவிட்டு, ஓராண்டுக்கும் மேலாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். திருகு வந்து சேர்ந்ததும் மறுபடியும் ஒன்று கேட்கிறார்.

கணினி விழித்தெழும்போது பல்லாயிரம் சிறு கோப்புகளைப் படிக்கிறது. எளிமைக்காக, வட்டில் 5,000 வெவ்வேறு இடங்களிலிருந்து படிக்க வேண்டும் என்போம். 5,000 × 17.5 மில்லிநொடி என்பது 87 நொடிக்கு மேல். ஒன்றரை நிமிடம் காத்திருப்பிலேயே போயிற்று.

இனி எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலை வட்டைப் பாருங்கள். பெயரில் வட்டு இருந்தாலும் அதில் சுழல்வது எதுவும் இல்லை. நினைவுச் சில்லுகள் மட்டுமே உள்ளன. ஓர் இடத்திலிருந்து படிக்க அதற்கு ஏறத்தாழ 0.1 மில்லிநொடி போதும். அதே 5,000 இடங்களுக்கு அரை நொடி! "அப்படியானால் கணினி அரை நொடியில் திறந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். திறக்காது. லேத்துக்காரர் வேலை செய்யும் நேரம் என்று ஒன்று உண்டு அல்லவா? அது குறையவில்லை. கிடங்கின் தாமதம் நீங்கியதும் செயலியின் தாமதம் வெளியே தெரியத் தொடங்கும். எப்போதும் ஏதாவது ஒன்று மற்றவற்றைக் காக்க வைத்துக்கொண்டிருக்கும். அது எது என்பதுதான் கேள்வி.

இதைக் கடைக்காரர் சொல்லி நம்ப வேண்டியதில்லை. நீங்களே சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் 10 உள்ள கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் செயலி, நினைவகம், டிஸ்க் ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்று காட்டும். கணினி தவிக்கும் நேரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செயலி 20%, டிஸ்க் 100% என்றிருந்தால் நோய் கிடங்கில். நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டி, டிஸ்க்கும் 100% என்றிருந்தால் மேசை போதவில்லை. மேசையில் இடமில்லாத பொருள்களைக் கணினி கிடங்குக்கு அனுப்புவதும் திரும்ப எடுப்பதுமாக அல்லாடுகிறது. செயலி மட்டுமே எப்போதும் 100% என்றால், ஏதோ ஒரு நிரல் அதை விழுங்குகிறது. பெயரையும் அந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கும். ஒரு நாள் பார்த்தது போதாது. மூன்று நான்கு நாள் குறித்துப் பார்த்துவிட்டுப் பணப்பையைத் திறங்கள்.

ராம் வாங்குவதில் உள்ள பொறிகள்

நினைவகம் போதவில்லை என்று தெரிந்தால் கூடுதல் ராம் வாங்கத் தோன்றும். இங்கேதான் பலர் காசை வீணாக்குகிறார்கள். 2 ஜிகாபைட் உள்ள பழைய கணினியில் இன்னொரு 2 ஜிகாபைட் போடுகிறீர்கள். வேகம் ஒரு சிறிதும் கூடவில்லை. ஏன்? விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல் பயன்படுத்தாதபடி அதைச் செய்தவர்களே வரம்பு கட்டியிருக்கிறார்கள். அந்தப் பதிப்பு 32 பிட் வகை மட்டுமே. வேறு 32 பிட் விண்டோஸ் பதிப்பானாலும் 4 ஜிகாபைட்டோடு சரி. 32 இருநிலை இலக்கங்களால் குறிக்கக்கூடிய முகவரிகள் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம்; 4 ஜிகாபைட் என்பது அந்த எண்ணே. வீட்டு எண் இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் எப்படிப் போவார்? 64 பிட் இயங்குதளத்துக்கு மாறிய பிறகே கூடுதல் மேசை பயன்படும்.

அடுத்த பொறி வகை. டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்று ராம் பலகைகள் உண்டு. மடிக்கணினிக்கான முதல் வகையில் 204 தொடுமுனைகள். இரண்டாம் வகையில் 260. வெட்டுக்குறியின் இடமும் வேறு; ஒன்றின் பொருத்துவாயில் மற்றொன்று நுழையாது. டி.டி.ஆர். 3-இலேயே 1.5 வோல்ட் பலகையும் 1.35 வோல்ட் பலகையும் இருப்பதால், 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் கணினியில் மற்றது இயங்காமல் போகலாம். பழைய பலகையைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்வதே மேல். சில மலிவான கணினிகளில் ராமும் சேமிப்புச் சில்லும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன். கடையில் அதைச் சொல்லமாட்டார்கள். திரையின் பளபளப்பைத்தான் காட்டுவார்கள்.

ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு வெகு தொலைவில் இல்லை. உதிரிப் பொருள்களுக்கென்றே பெயர்பெற்ற தெரு அது. விலை நாளுக்கு நாள் மாறும். இரண்டு கடையிலாவது விசாரியுங்கள். ரசீதும் உத்தரவாத அட்டையும் இல்லாமல் வாங்காதீர்கள்.

டிஸ்க்கை மாற்றும் முன்

எதைக் கழற்றுவதற்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கணினியில் உள்ள படங்கள், பாடக்குறிப்புகள், சான்றிதழ் நகல்கள் அனைத்தையும் வேறொரு பென் டிரைவுக்கு நகலெடுங்கள். ராம் கெட்டால் வேறு வாங்கலாம். தாத்தாவின் ஒரே புகைப்படம் போனால் எந்தத் தெருவிலும் கிடைக்காது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று முனை மோதும் ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் ஓட ஓடச் சேதம் கூடும்.

பழைய மடிக்கணினிகளில் உள்ள 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்கின் இடத்திலேயே அதே அளவு சாட்டா வகை எஸ்.எஸ்.டி. பொருந்தும், இணைப்பு முனைகள் ஒன்றே. பழையது 9.5 மில்லிமீட்டர் தடிப்பும் புதியது 7 மில்லிமீட்டரும் இருந்தால் இடைவெளியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் வைத்துக்கொள்ளலாம். வேலையை வீட்டில் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மின்னிணைப்பைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வடியவிடுங்கள். சென்னையின் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் அதிகம் சேராது. ஆயினும் கணினியின் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே தாளில் குத்தி வையுங்கள். குட்டைத் திருகு இருந்த இடத்தில் நெட்டைத் திருகை முடுக்கித் தாய்ப்பலகையைத் துளைத்துவிட்டால் அதற்கு மருந்து இல்லை.

புதிய வட்டில் எந்த இயங்குதளத்தைப் பதிப்பது? விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் இலவசத் திருத்தங்கள் தாமாக வருவது அத்தோடு நின்றது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும், 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்பு அமைப்பும், அதன் பட்டியலில் உள்ள செயலியும் வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணினி அந்த வாசலில் நுழையாது. எஞ்சுவது லினக்ஸ். 'பாஸ்' இருக்கிறது, 'லினக்ஸ் மின்ட்' என்பதன் எளிய 'எக்ஸ்.எஃப்.சி.இ.' வடிவம் இருக்கிறது. எழுதவும், கணக்குப் போடவும், பைத்தான் மொழி பழகவும், பாடக் காணொளி பார்க்கவும் இவை போதுமானவை. பதியும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

வெப்பமும் மின்சாரமும்

சித்திரை வெயிலில் ஆவடிப் பக்கம் 40 டிகிரி செல்சியஸ் அடிக்கும் நாள்கள் உண்டு. செயலி 85 டிகிரிக்கு மேல் போகாமல் காக்கப்படுகிறது என்று கொள்வோம். ஒரு பொருளிலிருந்து வெளியேறும் வெப்பம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை ஒட்டியது என்று நியூட்டன் கூறியதை இயற்பியலில் படிப்பீர்கள். அறை 25 டிகிரியாக இருந்தால் வேறுபாடு 60. 40 டிகிரியாக இருந்தால் 45. ஆகவே கோடையில் அதே விசிறி முக்கால் பங்கு வெப்பத்தைத்தான் வெளியேற்றும். சூடு எல்லையைத் தொடும்போது செயலி தன் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடிய கணினி பிற்பகலில் தள்ளாடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. பலர் இதை 'வைரஸ்' என்று எண்ணி மருந்து தேடுகிறார்கள்.

போதாக்குறைக்குத் தூசி. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் காலையில் துடைத்த மேசையில் மாலையில் பெயர் எழுதலாம். அதே தூசி விசிறியின் பின்னுள்ள உலோகத் தகடுகளில் கம்பளிபோல் படிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து மென்மையான தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். ஊதுவதாயின் விசிறி இறகை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மெத்தையின் மேல் வைத்து வேலை செய்வது காற்றுவழியை அடைப்பதாகும். ஒரு மணைப்பலகை போதும்.

பேட்டரியைப் பொறுத்தவரை, பழைய கணினிகளில் ஆறு லித்தியம்-அயனி மின்கலங்கள் இருக்கும். மும்மூன்றாகத் தொடரிணைப்பில் வைத்து, அந்த இரு வரிசைகளையும் பக்க இணைப்பில் சேர்த்திருப்பார்கள். ஒன்று 3.6 வோல்ட், 2.2 ஆம்பியர்-மணி எனில், மொத்தம் 10.8 வோல்ட், 4.4 ஆம்பியர்-மணி, பெருக்கினால் 47.5 வாட்-மணி. கணினி 16 வாட் செலவழித்தால் மூன்று மணி நேரம் ஓடும். கிழட்டுப் பேட்டரியில் 10 வாட்-மணிதான் மிச்சமென்றால் 40 நிமிடம்கூட வராது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: பேட்டரி முற்றிலும் செத்த கணினியில் மின்வெட்டு வந்தால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்து இயங்குதளமே கெடக்கூடும். வெளியே கொண்டுபோகாவிட்டாலும் பேட்டரி தேவை என்பது இதனால்தான். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். குத்தாமல், அழுத்தாமல், மின்னூட்டாமல் எடுத்து மின்கழிவு பெறுவோரிடம் கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் தீப்பிடிக்கும்.

மாற்று சார்ஜர் வாங்கும்போது அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். வோல்ட் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். ஆம்பியர் குறைந்தால் சார்ஜர் கொதிக்கும்.

இறுதியாக ஒரு விந்தையான நோய். கணினி நன்றாகத் திறக்கிறது. இணைய இணைப்பும் இருக்கிறது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போனாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று திரை மறுக்கிறது. திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னே இருக்கும்! ஒவ்வொரு தளமும் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டுகிறது. அது இன்ன நாளிலிருந்து இன்ன நாள்வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். கணினியோ நம்மை 2011-இல் இருப்பதாக நினைக்கிறது. இன்னும் பிறக்காத சான்றிதழை அது எப்படி ஏற்கும்? தாய்ப்பலகையில் சட்டைப் பொத்தான்போல் ஒரு சிறு மின்கலம் கடிகாரத்தை ஓட்டுகிறது. பெரும்பாலும் அதன் பெயர் சி.ஆர். 2032: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு, 3 வோல்ட். அது தீர்ந்துபோனால் அணைக்கும்போதெல்லாம் கடிகாரம் பழைய நாளுக்குத் திரும்பிவிடும். சில கணினிகளில் கம்பி இணைத்த வகை இருக்கும், பார்த்து வாங்குங்கள். இதைத் தெரியாமல் இயங்குதளம் முழுவதையும் அழித்துப் பதிந்து கூலி கொடுத்தவர்கள் உண்டு.

உங்களுக்கு ஒரு கணக்கு: நண்பர் ஒருவர், "எஸ்.எஸ்.டி. எதற்கு? நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் வாங்கினால் போதுமே" என்கிறார். முனை நகரும் நேரம் அதே 12 மில்லிநொடி என்று கொண்டு, 5,000 இடங்களிலிருந்து படிக்க எத்தனை நொடி ஆகும் என்று கண்டுபிடித்து, அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?